கையால ரெண்டு சுத்து!

கர்ர்ர்ர்ர்ர்ர்...

மார்கழி மாசம், விடியக்காலை நாலரை மணி. கோயில் ஸ்பீக்கருக்கு முன்னாடியே எங்க தெருவை எழுப்பிவிட்டது இந்தச் சத்தம்தான். தகர டப்பாவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு யாரோ ஆவேசமா குலுக்குற மாதிரி! மூணு செகண்ட்... அப்புறம் கப்சிப். எங்க அப்பாவோட கார் ஸ்டார்ட் ஆன சத்தம் அது.

"டேய் இன்ஜினீயரு... எந்திரிடா. வந்து கேட்டு என்னான்னு சொல்லு!"

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு முந்தின நாள் ராத்திரிதான் ஹாஸ்டல்ல இருந்து வந்திருந்தேன். பத்து மணி வரைக்கும் தூங்குறதுன்னு சங்கல்பம் வேற. என்ன செய்ய... பெத்த பாவம் அவருக்கு, படிச்ச பாவம் எனக்கு!

சின்ன இன்ட்ரோ. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வீடு மதுரை வில்லாபுரம். அப்பா சொந்தமா டாக்ஸி ஓட்டுறார். செகண்ட் ஹேண்டுல வாங்கின நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். அதுதான் எங்க வீட்டு ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு எல்லாம். கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் சபரிமலை சீசன். மதுரை டாக்ஸிக்காரங்களுக்கு அறுவடைக் காலம். அந்த நேரத்துல வண்டி ஒரு நாள் நின்னாலும் வீட்டு பட்ஜெட்ல ஓட்டை விழும்.

கண்ணை மூடி, பானெட் மேல கையை வெச்சு, ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ரேஞ்சுக்கு உத்துக் கேட்டுட்டு, "டாப்பெட் சத்தம்ப்பா" என்றேன் கெத்தாக.

"டாப்பெட்டுன்னா விடாமல்ல கேக்கும்? இது மூணு செகண்டுல நின்னு போகுதே?"

பல்பு நம்பர் ஒன்!

நாலாவது நாள் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் லைட் எரிஞ்சது. ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஸ்கேனரை மாட்டினாங்க. 'பி-0016' என்று வந்தது. கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லி வெச்ச கணக்குல இல்லை, முன்னே பின்னே சுத்துதுன்னு அர்த்தம். "டைமிங் செயின் போச்சு சார். 34,000 ஆகும். சீசன் டயம், பத்து நாள் வெயிட் பண்ணணும்."

ஜனவரியில என் செமஸ்டர் ஃபீஸ் கட்டணும். அப்பா ஒண்ணும் பேசலை. வெளியே வந்து டீ குடிச்சோம். கடைசி மடக்கைக் குடிச்சிட்டு என்னைப் பார்த்தார். "நீ இருக்கேல்ல... நாமளே பார்த்துக்குவோமா?"

எனக்கு வயித்துக்குள்ள 'கர்ர்ர்'!

செயினுக்கு என்ன வேலை?

மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். மத்தவங்களுக்கு ஒரு மினி க்ளாஸ்.

இன்ஜின்ல கீழே கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டனை மேலயும் கீழயும் ஓட்டும். மேலே கேம் ஷாஃப்ட், வால்வைத் திறந்து மூடும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, கேம் கரெக்டா ஒரு சுத்து சுத்தணும். இந்த ரெண்டையும் கட்டிப்போட்டிருக்கிற சங்கிலிதான் டைமிங் செயின். சில கார்கள்ல செயினுக்குப் பதிலா பெல்ட் இருக்கும். நம்ம ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற பைக்குகள்லயும் இதே செயின் குட்டியா உண்டு. "மச்சான், வண்டியில செயின் சத்தம்டா"ன்னு பசங்க சொல்றது பல சமயம் வீலுக்குப் போற செயினை இல்லை, இதைத்தான்.

மீட்டர்ல 3,000 ஆர்.பி.எம். காட்டும்போது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடும். கணக்கு தப்பினா? வால்வு உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கும்போதே பிஸ்டன் மேலே ஏறி வரும். பல இன்ஜின்கள்ல ரெண்டும் முட்டிக்கும். வால்வு வளையும். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும், பில்லைப் பார்த்து நாம வளையணும்!

சரி, இரும்புச் சங்கிலி எப்படி நீளும்? ரப்பர் மாதிரி இழுபடுறது இல்லை. ஒவ்வொரு லிங்க்லயும் ஒரு பின், ஒரு புஷ். அது ரெண்டும் உரசி உரசித் தேயும். எங்க செயின்ல எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 124 லிங்க். ஒரு லிங்க்குக்கு 0.04 மில்லிமீட்டர் தேய்ஞ்சதுன்னு வெச்சுக்குங்க. தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய பாதி. அதை 124-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர்! அவ்வளவு தொய்வை இழுத்துப் பிடிக்கத்தான் டென்ஷனர்னு ஒரு பார்ட் இருக்கு. அது இன்ஜின் ஆயில் பிரஷர்ல வேலை செய்யும். ராத்திரி பூரா நின்ன வண்டியில காலையில ஆயில் ஏறி வர ரெண்டு மூணு செகண்ட் ஆகும். அதுவரைக்கும் தொய்ஞ்ச செயின் கவர்ல, கைடுல அடிச்சுக்கிட்டே ஓடும். அதுதான் எங்க தெரு சுப்ரபாதம்!

இந்த மாதிரி புஷ் ரோலர் செயினை 1880-ல் இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல இருந்த ஹான்ஸ் ரெனால்டு கொண்டுவந்தார். சைக்கிள்ல மாட்டுற செயினும் அதே பரம்பரைதான். 140 வருஷத்துக்கு மேல ஆகியும் இந்தப் பரம்பரைக்கு எதிரி ஒண்ணே ஒண்ணுதான். ஆயில் இல்லாம ஓட்டுறது, இல்லைன்னா அழுக்கு ஆயில்ல ஓட்டுறது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

அம்மா பிரேக்கில், தங்கச்சி கேமராவில்!

செயின், டென்ஷனர், கைடு, சீல் எல்லாம் சேர்த்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில 9,800 ரூபாய். பக்கத்துத் தெரு பைக் பட்டறை அண்ணன் டார்க் ரெஞ்ச்சும், பெரிய பாக்ஸ் ஸ்பேனரும் இரவல் கொடுத்தார். கூடவே ஒரு உபதேசம். "பைக்குல ஒரு கேமு தம்பி. உங்க வண்டியில ரெண்டு. அம்புட்டுத்தான் வித்தியாசம். கவரைப் போடுறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாரு. எங்கிட்டாவது முட்டுச்சுன்னா அமுக்காத, நிப்பாட்டிரு. சாவியப் போட்டுறாத!"

"தெரியும்ணே!" என்றேன். தெரியும்தான். வால்வு டைமிங் டயகிராம் நான் தூக்கத்துலயே போடுவேன். தெர்மல் லேப்ல அது ஒரு எக்ஸ்பெரிமென்ட். ஃப்ளைவீல்ல நூலைச் சுத்தி அளவெடுத்து, வால்வுக்கு மேல ஒரு பேப்பர் துண்டைச் சொருகி, ஃப்ளைவீலைக் கையால சுத்தணும். பேப்பர் எப்போ இறுகுதோ அப்போ வால்வு திறக்குது, எப்போ லூஸ் ஆகுதோ அப்போ மூடுது. அங்கங்க சாக்பீஸ்ல கோடு போட்டு டிகிரி கணக்குப் பண்ணணும். ரெக்கார்டுல பத்துக்குப் பத்து மார்க் வாங்கினவன் நான்.

என்ன... அந்த எக்ஸ்பெரிமென்டை நான் செஞ்சதில்லை. ஹி... ஹி... எங்க பேட்ச்ல பாதிப்பேர் செஞ்சதில்லை. சீனியர் ரெக்கார்டுல இருந்து ரீடிங்கை அப்படியே சுட்டோம். 'இன்டேக் வால்வு திறப்பது மேல் முனைக்கு 10 டிகிரி முன்பு.' அந்த சீனியர் அவரோட சீனியர்கிட்ட சுட்டிருப்பார்.

முதல் நாள் பூராவும் கழட்டுற வேலை. பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வெச்சு, ஆயிலை இறக்கி, ஃபேன் பெல்ட், இன்ஜின் மவுன்டிங், டாப் கவர்னு ஒவ்வொண்ணா வந்தது. கிராங்க் புல்லி போல்ட் மட்டும் அசையவே இல்லை. ஸ்பேனரைத் திருகினா இன்ஜினும் சேர்ந்து சுத்துது. அப்பா ஐடியா பண்ணினார். வண்டியை நாலாவது கியர்ல போட்டுட்டு, "ஏய், இங்கிட்டு வந்து பிரேக்கை மிதி!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்துல அம்மா டிரைவர் சீட்ல உக்காந்தது அதுதான் முதல் தடவை. சேலையைச் சொருகிக்கிட்டு ரெண்டு காலாலயும் மிதிச்சாங்க. அப்பா ஸ்பேனர்ல நீளமான பைப்பைச் சொருகி ஏறி அழுத்தினார். 'டக்!' போல்ட் விட்டுச்சு. "நான் வேணா நாளைக்கு சவாரிக்குப் போயிட்டு வரவா?" என்று கேட்டாங்க அம்மா. செம நக்கல்!

ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சிக்கு போட்டோகிராஃபர் வேலை. முதல் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, பழைய செயின் இருக்கிற நிலையைப் பல ஆங்கிள்ல எடுத்துத் தள்ளினாள். "எதுக்கு இத்தனை? எனக்கே தெரியும்" என்றேன். "இருக்கட்டும்ணே, உன்னைய நம்பி எடுக்கலை" என்றாள். கிராதகி!

செயின் கவரையும் ஆயில் பேனையும் கழட்டினப்போ எல்லாரும் அமைதியாயிட்டோம். செயினை வழிநடத்துற பிளாஸ்டிக் கைடு ஒண்ணு உடைஞ்சு, துண்டு துண்டா ஆயில் பேன்ல கிடந்தது. ஆயில்னு சொல்றதே தப்பு. கறுப்பு அல்வா!

எட்டிப் பார்த்த பட்டறை அண்ணன், "ஆயில் எப்பண்ணே மாத்துனீங்க?" என்றார்.

"கரெக்டாத்தான் மாத்துவேன்" என்றார் அப்பா, பனியன் வேஸ்ட்டால கையைத் துடைச்சபடி. எங்க யாரையும் பார்க்கலை.

"பார்த்தேன்ப்பா!"

ரெண்டாவது நாள் மாட்டுற வேலை. புது செயின்ல மூணு லிங்க் மட்டும் வேற கலர்ல இருக்கும். ஒண்ணு கிராங்க் பல் சக்கரத்துல இருக்கிற குறிக்கு நேரா, மத்த ரெண்டு ரெண்டு கேம் சக்கரத்துல இருக்கிற குறிகளுக்கு நேரா வரணும். டென்ஷனர் விரியாம இருக்க ஒரு பின் சொருகணும். அதுக்குத் தங்கச்சியோட ஹேர்பின்! கிராங்க் ஓகே. இன்டேக் ஓகே. எக்ஸாஸ்ட் சக்கரத்துல செயினை மாட்டும்போது வால்வு ஸ்பிரிங் தள்ளி, கேம் 'டுபுக்'னு நகர்ந்தது. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து செயினை மாட்டினேன். கையெல்லாம் ஆயில். கலர் லிங்க் குறிக்கு நேரா இருக்கா, பக்கத்துப் பல்லுலயான்னு குனிஞ்சு பார்க்கப்போன நேரம்...

"முடிஞ்சதாடா?" அப்பா கையில போன். ராமேஸ்வரம் சவாரி. ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பணும், குடும்பத்தோட போறாங்க, 4,500 ரூபாய். "முடிஞ்சதுப்பா!"ன்னு ஹேர்பின்னை உருவிட்டேன். "ரெடியாயிரும் சார். எம் மகன்தான் பார்க்குறான். இன்ஜினீயரு!"

அந்தக் கடைசி வார்த்தையில இருந்த சந்தோஷம் இருக்கே... அதை ஸ்பேனர் போட்டாலும் கழட்ட முடியாது.

கவர்ல பேஸ்ட் தடவி மூடுற நேரம் அப்பா கேட்டார். "கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன்ப்பா."

பார்க்கலை. மணி அஞ்சு ஆகப்போகுது, பேஸ்ட் காய நேரம் வேணும், இவ்வளவு நேரம் கரெக்டா செஞ்சவன் இதுல மட்டுமா தப்புப் பண்ணிடுவேன்? யோசிக்கவே இல்லை, நாக்கு தானா சொல்லிடுச்சு. ரெக்கார்டுல '10 டிகிரி'ன்னு எழுதும்போதும் கை இப்படித்தான் தானா எழுதுச்சு.

ராத்திரி தூக்கம் வரலை. மனசுக்குள்ள கேம் 'டுபுக்'னு நகர்ந்துகிட்டே இருந்தது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். கேம் சக்கரத்துல 36 பல். ஒரு பல் தப்பினா கேம்ல 10 டிகிரி. கிராங்க்ல அது 20 டிகிரி! வால்வு திறக்கிற நேரத்தையே 10 டிகிரி, 15 டிகிரின்னு பேசுற இடத்துல 20 டிகிரி தப்புங்கிறது சின்ன விஷயமா? நடு ராத்திரி, ராமநாதபுரம் ரோடு, பின் சீட்ல தூங்குற குழந்தைங்க, நின்னுபோன வண்டி... எல்லாம் கண்ணுல வந்துச்சு.

எழுதறதுக்கு எடுத்தது அப்பாவோட டிரிப் நோட்டு. சும்மா பின்னாடி புரட்டினேன். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், டோல்னு எல்லாம் குண்டு குண்டு எழுத்துல. ஓர் இடத்துல 'ஆயில் - அடுத்த மாசம்'. அதுக்கு மேல் வரியில 'காலேஜ் ஃபீஸ் கட்டியது'. ஆறு மாசம் தள்ளி இன்னொரு பக்கம். அதே 'காலேஜ் ஃபீஸ்'. அதே 'ஆயில் - அடுத்த மாசம்'. ரெண்டு தடவையும் அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மாத்த வேண்டிய ஆயில் இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு.

அந்தக் கறுப்பு அல்வாவுல என் மூணு செமஸ்டர் ஊறிக் கிடந்திருக்கு, மக்களே.

மணி பதினொண்ணு. அப்பா அலாரம் வெச்சுட்டுத் திண்ணையில படுத்திருந்தார்.

"அப்பா..."

"ம்."

"நான் சுத்திப் பார்க்கலைப்பா."

எழுந்து உக்காந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருந்தா பரவாயில்லை. கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்து ஸ்டாண்டு நண்பர் ஒருத்தரைக் கூப்பிட்டார். "மாப்ள, மூணு மணிக்கு ஒரு ராமேஸ்வரம் இருக்கு. நம்ம வண்டி இன்னும் ரெடியாகலை. நீ போயிட்டு வந்துரு." அடுத்து அந்தக் குடும்பத்துக்கும் போன் பண்ணி, வேற வண்டி வரும்னு பொறுமையா சொன்னார்.

4,500 ரூபாய் ரெண்டு போன் கால்ல போச்சு.

"காலையில கழட்டுவோம். போய்ப் படு."

நான் கதவுகிட்ட போனப்போ பின்னாடி இருந்து குரல் வந்தது. "நானும் ஆயில் மாத்தலைடா."

"தெரியும்ப்பா. நோட்டைப் பார்த்தேன்."

"ம்... கொசுவத்தியைக் கொளுத்திட்டுப் போ."

எங்க வீட்டு சென்டிமென்ட் சீன் இவ்வளவுதான்!

62 சுத்துக் கணக்கு

காலையில டாப் கவரை மட்டும் கழட்டி, ஸ்பார்க் பிளக்கை எல்லாம் எடுத்துட்டு, கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டுக் கையால சுத்தினேன். மெதுவா... ஒரு சுத்து. ரெண்டு சுத்து. எங்கயும் முட்டலை. மேலே பார்த்தா பகீர்னு ஆயிடுச்சு! கலர் லிங்க் எதுவுமே குறிக்கு நேரா இல்லை. ஒரு பல், ரெண்டு பல் இல்லை... எங்கயோ கிடக்கு!

"போச்சு! மொத்தமும் தப்பு!"ன்னு தலையில கையை வெச்சு உக்காந்துட்டேன். முகமெல்லாம் ஆயில் ஆனது தனிக் கதை.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "செயின்ல எத்தனை லிங்க்?"

"124."

"கேம் ஒரு சுத்து சுத்தினா எத்தனை லிங்க் நகரும்?"

"36."

"அப்ப 36-ம் 124-ம் எல்.சி.எம். எடு. 1116. அதை 36-ஆல வகுத்தா 31. கேம் 31 சுத்து, கிராங்க் 62 சுத்து. அத்தனை சுத்துக்கு ஒரு தடவைதான் கலர் லிங்க் பழைய இடத்துக்கு வரும். ரெண்டே சுத்துல எப்படி வரும்? என்ன இன்ஜினீயரோ!"

பல்பு நம்பர் டூ... ட்யூப் லைட் சைஸ்ல!

ஆனா, அவ சொன்னதுதான் சத்தியம். கலர் லிங்க் மாட்டும்போது வழிகாட்ட மட்டும்தான். சுத்தின பிறகு பார்க்க வேண்டியது சக்கரங்கள்ல இருக்கிற குறிகளை. கீழே புல்லி குறி மேல் முனையைக் காட்டும்போது, மேலே ரெண்டு கேம் குறியும் அதது இடத்துல நிக்கணும். பார்த்தேன். இன்டேக் கரெக்ட். எக்ஸாஸ்ட் லேசா சாஞ்சிருந்தது. கண்ணால பார்த்தா சந்தேகம்தான் வரும், நிச்சயம் வராது. தங்கச்சி எடுத்த போட்டோவைப் பெரிசு பண்ணி, ரெண்டு குறிக்கும் நடுவுல எத்தனை பின்னுன்னு எண்ணினோம். போட்டோவுல 12. வண்டியில 13.

ஒரு பல். தப்பு.

பட்டறை அண்ணனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். "ஒரு பல்லுல வால்வு முட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"சில இன்ஜின் தப்பிக்கும், முரண்டு பிடிச்சுக்கிட்டு ஓடும். சிலது தப்பிக்காது. இது எந்த ரகம்னு சாவியைப் போட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா தம்பி?"

மறுபடி எல்லாம் கழட்டினோம். காய்ஞ்ச பேஸ்ட்டைப் பொறுமையா சுரண்டினோம். அதுக்கே ரெண்டு மணி நேரம். செயினை மாட்டினேன். இந்தத் தடவை எக்ஸாஸ்ட் கேமை ஸ்பேனர் போட்டு அப்பா பிடிச்சுக்கிட்டார். பின்னை எண்ணினோம். நான் ஒரு தடவை, அப்பா ஒரு தடவை, தங்கச்சி ஒரு தடவை. மூணு பேருக்கும் 12. ஹேர்பின்னை உருவினேன். கையால ரெண்டு சுத்து. குறியைப் பார்த்தோம். இன்னும் ரெண்டு சுத்து. "போதும்டா, 62 சுத்தும் சுத்திராத" என்றார் அப்பா. மூணு நாள்ல அவர் சிரிச்சது அப்போதான்.

ராத்திரி பூரா காய வெச்சு, மறுநாள் காலையில புது ஆயில் ஊத்தி, சாவியை அப்பாகிட்ட நீட்டினேன். "நீ போடு" என்றார். கடவுளேன்னு திருகினேன்.

கர்ர்ர்ர்ர்ர்...

எனக்கு உயிரே போச்சு! ஒண்ணு... ரெண்டு... மூணு... சத்தம் நின்னது. புது டென்ஷனருக்குள்ள ஆயில் ஏறுற வரைக்கும் அது சும்மா கிடக்கும், முதல் ஸ்டார்ட்ல கொஞ்சம் சத்தம் வரும்னு பட்டறை அண்ணன் அப்புறமா சொன்னார். முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே! அணைச்சுட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் இல்லை. அடுத்த நாள் விடியக்காலை நாலரை மணிக்கும் இல்லை. மஞ்சள் லைட்டும் திரும்ப வரலை. எங்க தெருவை வழக்கம்போல கோயில் ஸ்பீக்கரே எழுப்பியது.

அப்பா டிரிப் நோட்டை என்கிட்ட கொடுத்து எழுதச் சொன்னார். தேதி, கிலோமீட்டர், 'டைமிங் செயின் புதுசு, ஆயில் புதுசு' என்று எழுதினேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன். 'கையால் சுற்றிப் பார்த்தது.' அடுத்த ஆயில் மாத்த வேண்டிய கிலோமீட்டரைக் கொட்டை எழுத்துல அப்பாவே எழுதினார். 'அடுத்த மாசம்'னு எழுதலை.

ரீடிங் ப்ளீஸ்!

ஜனவரியில காலேஜ் திறந்ததும் ஒரு லஞ்ச் பிரேக்ல தெர்மல் லேபுக்குப் போனேன். "உனக்குத்தான் போன வருஷமே மார்க் போட்டாச்சேப்பா?" என்று லேப் அண்ணன் ஒரு மாதிரியா பார்த்தார். "சும்மாண்ணே" என்றேன். நூல், சாக்பீஸ், ஒரு பேப்பர் துண்டு. ஃப்ளைவீலைக் கையால சுத்தினேன். பேப்பர் இறுகுச்சு. கோடு போட்டேன். அளந்தேன்.

14 டிகிரி. திரும்ப ஒரு தடவை. 13. இன்னொரு தடவை. 14.

என் ரெக்கார்டுல 10. என் பேட்ச்ல எல்லார் ரெக்கார்டுலயும் 10. எந்தக் காலத்துல எந்தப் புண்ணியவான் அளந்த 10 டிகிரியோ! அந்த இன்ஜின் எத்தனையோ பேட்ச் கையில பட்டுத் தேய்ஞ்சு, தன்னோட நிஜமான நம்பரைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. கேக்கத்தான் ஆள் இல்லை. பழைய 10 பக்கத்துல பென்சில்ல 14-ன்னு எழுதினேன். மார்க் ஒண்ணும் கூடாது. இருந்தாலும் அந்த ரெக்கார்டுல நான் எடுத்த ரீடிங்னு ஒண்ணாவது இருக்குல்ல?

வெளியே வந்தா, ஒரு செகண்ட் இயர் ஜூனியர் காத்துக்கிட்டு இருந்தான். "அண்ணா, உங்க தெர்மல் ரெக்கார்டு கிடைக்குமா? ரீடிங் மட்டும் பார்த்து எழுதிட்டுத் தந்துடுறேன்."

கையில இருந்த நூலையும் சாக்பீஸையும் கொடுத்தேன்.

என்னை முறைச்சுக்கிட்டேதான் வாங்கிட்டுப் போனான்!